உப்புக்கண்டம்: உப்புப் பெறாத ஒரு வரலாறு

சாசேஜுக்குத் தமிழ்ல என்னய்யா சொல்றதுன்னு தனித்தமிழ் ஆர்வலரான நண்பர் ஒருத்தர் கேட்டார். அவரே "கறிக்குழல்"னு ஒண்ணைச் சொல்லிட்டு, அவருக்கே பிடிக்காம விட்டுட்டார். நான் சொன்ன பதில் அவருக்குச் சிரிப்பா இருந்துச்சு. "உப்புக்கண்டம்னு சொல்லுங்க, பொருத்தமா இருக்கும்". விளையாட்டுக்குச் சொன்னதில்லை. சாசேஜ்ங்கிற சொல்லோட வேர் லத்தீன்ல 'சால்சுஸ்'. அர்த்தம், உப்பிட்டது. அதுலருந்து பழைய பிரெஞ்சுக்குப் போயி, அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்திருக்கு. உப்புக்கண்டத்துல கண்டம்னா துண்டு. உப்பிட்ட துண்டு. ரெண்டு ஊர்க்காரனும் குடலையோ கறியையோ பார்த்துப் பேர் வைக்கலை, உப்பைப் பார்த்துத்தான் வெச்சிருக்கான்.

அப்புறம் ஏன் அவன் குடலுக்குள்ள கறியை அடைச்சான், நம்மாளு கறியை நூல்ல கோத்துக் கொடியில தொங்கவிட்டான்? மதுரைப் பக்கம் ஏன் சாசேஜே பிறக்கலை? இந்த ரெண்டு கேள்வியையும் பிடிச்சுக்கிட்டுப் போனா வெயில், மழை, வெடியுப்பு, உப்பு வரி, ஒரு ஜெர்மன் கவிஞர், ஒரு சாவு வீட்டு பேண்டு குரூப்புன்னு எங்கெங்கயோ போகுது. கூடவே எங்க அப்பாவோட பிரஷர் மாத்திரையும் வருது.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். உப்புக்கறி வேற, உப்புக்கண்டம் வேற. ஓட்டல் மெனுவுல பார்க்கிற உப்புக்கறி பச்சைக்கறியில செய்யறது. கிள்ளிப்போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, அவ்வளவுதான் மசாலா. உப்புக்கண்டம் வெயில்ல காயவெச்சது. எங்க அப்பத்தா மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல செஞ்சுக்கிட்டிருந்த முறை இது: எலும்பில்லாத கறியை விரல் தடிமனுக்கு நீளநீளமா அரிஞ்சு, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி ஒரு ராத்திரி வெச்சிருப்பாங்க. காலையில ஊறிக் கிடக்கிற தண்ணியை வடிச்சிட்டு, கோணி ஊசியில நூலைக் கோத்து மாலை மாதிரி கட்டி வெயில்ல தொங்கவிடுவாங்க. காக்காய்க்கு ஒரு ஆள் காவல். அனேகமா அது நான்தான். மூணு நாலு நாள்ல விறகுச் சுள்ளி மாதிரி ஆயிடும். ஒண்ணோட ஒண்ணைத் தட்டினா 'டக்'குனு சத்தம் வரணும். வந்தா ஜாடி, வராட்டி மறுபடியும் கொடி. சத்தத்தை வெச்சு ஈரப்பதம் பார்க்கிற அந்த டெஸ்டிங்குக்கு எந்த டாக்குமெண்ட்டும் கிடையாது :)

இந்த வேலைக்கு வயசு எவ்வளவு? குறைஞ்சது சங்க காலம். பத்துப்பாட்டுல ஒண்ணான பெரும்பாணாற்றுப்படையில கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடியிருப்பைக் காட்டுவார். பெண்கள் புல்லரிசியைத் திரட்டி வந்து நிலத்துல பதிச்ச உரல்ல குத்தி, ஆழக் கிணத்துலருந்து உப்புக்கரிக்கிற தண்ணியை மொண்டு, வாய் உடைஞ்ச பானையில சமைப்பாங்க. கூட 'வாடூன்'. வாடின ஊன், காஞ்ச இறைச்சி. தேக்கிலையில வெச்சு விருந்தாளிக்குக் கொடுப்பாங்க. பாட்டோட தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன், அதனால இது மதுரைக் காட்சி இல்லை. ஆனா வறண்ட நிலத்துல வேட்டையாடிப் பிழைச்ச சனங்க காஞ்ச கறியை வெச்சிருந்தாங்கங்கிறதுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேணாம். அதே பாட்டுல உப்பு வண்டி கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போற உமணர் குடும்பமும் வருது. உப்பு இருந்தது, வெயில் இருந்தது, கறி இருந்தது. வேற என்ன வேணும்?

மதுரைக்காஞ்சியில பார்த்தா நகரம் வேற மாதிரி. நாளங்காடி, அல்லங்காடின்னு பகல்லயும் ராத்திரியும் கடை திறந்து கிடக்கிற ஊர். இன்னிக்கும் நடுராத்திரிக்குக் கறிதோசை கிடைக்கிற ஊருக்கு அது ஆச்சரியமில்லை. எப்பவும் சூடா விக்கிற ஊர்ல யாருக்குக் காயவெச்ச கறி வேணும்? உப்புக்கண்டம் எப்பவுமே நகரத்துச் சாப்பாடு இல்லை, சுத்தியிருக்கிற மானாவாரி கிராமங்களோடது.

இங்கதான் ஐரோப்பாவோட நாம பிரியறோம். அங்க பன்னி வளர்க்கிறவன் நவம்பர்ல, குளிர் தொடங்கறப்போ, ஒரே நாள்ல அடிப்பான். குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. ஒரு பன்னி நூறு கிலோவுக்கு மேல. தொடை, முதுகு எல்லாம் உப்புல போட்டாச்சு, மிச்சம் கிடக்கிற துண்டு துணுக்கு, கொழுப்பு, ரத்தம் எல்லாத்தையும் என்ன பண்றது? அதே பன்னியோட குடல் கையில இருக்கு. அடைச்சுக் கட்டித் தொங்கவிடு. வெயில் இல்லாத ஊர்ல மெல்லப் புளிக்கணும், இல்லாட்டிப் புகையில வேகணும். சாசேஜ்ங்கிறது மிச்சத்தை வீணாக்காத ஒரு பேக்கேஜிங்.

நம்ம வெள்ளாட்டுல உரிச்சு எடுத்தா பத்து, பன்னெண்டு கிலோ கறி தேறினா அதிகம். அதையும் தனி ஆளு வெட்டறதில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நாலு வீடு, எட்டு வீடு சேர்ந்து ஆடு பிடிச்சுக் கூறு போடுவாங்க. தலை, கால், ஈரல், நெஞ்செலும்பு எல்லாம் கூறுகூறா வாழையிலையிலயோ பனையோலையிலயோ விழும். அன்னிக்கே தீர்ந்துடும். அடைக்கிறதுக்குக் குடல் ஏது? குடலே குழம்பாயிடுதே! ரத்தம் வெங்காயத்தோட பொரியலாயிடும். சுவரொட்டிக்கு வீட்டுக்குள்ளயே அடிதடி நடக்கும். ஐரோப்பாக்காரனோட ரத்த சாசேஜுக்கு என்னென்ன வேணுமோ அதெல்லாம் இங்கயும் இருந்துச்சு. ஆனா சாயங்காலத்துக்குள்ள காலியாயிட்ட சரக்குக்குப் பேக்கேஜிங் எதுக்கு?

திருமங்கலம் பக்கத்துல வடக்கம்பட்டி முனியாண்டி சாமி கோயில் பிரியாணித் திருவிழாவைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். நேர்த்திக்கடனா வந்த கிடாய்கள் எல்லாம் ராத்திரியோட ராத்திரியா அண்டாவுல ஏறி, விடிகாலையில பிரியாணியா ஊருக்கே பந்தி. முனியாண்டி விலாஸ் ஓட்டல்காரங்க எங்கெங்கிருந்தோ வந்து சேர்ற திருவிழா அது. மிச்சம்ங்கிற பேச்சே இல்லை.

மிச்சம் வர்றது தனிக் குடும்பம் கிடா வெட்டறப்போதான். குலசாமிக்கு, கருப்பசாமிக்கு, மேலமடை பாண்டிகோயிலுக்குன்னு நேர்ந்துவிட்ட கிடாய். சொந்தபந்தத்துக்கு ஆக்கிப் போட்டு, பங்காளிக்குக் கொடுத்தனுப்பி, அதுக்கப்புறமும் ரெண்டு கிலோ தங்குதுன்னு வைங்க. அந்த ரெண்டு கிலோதான் உப்புக்கண்டம். (உயிர்ப்பலியைத் தடை செய்யற சட்டம் 1950லருந்தே இருந்துச்சு, யாரும் கண்டுக்கலை. 2003 ஆகஸ்ட்ல ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பா அமல்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டப்போ தென் மாவட்டத்துல எழுந்த முணுமுணுப்பு பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2004ல அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்க. அந்த அரசியலுக்குத் தனியா ஒரு பதிவு போடணும்.)

காலமும் முக்கியம். தீபாவளி ஐப்பசியில வருது, மதுரைக்கு வருஷத்துல அதிக மழை பெய்யற நேரமே அதுதான். அப்போ கறியைக் கொடியில போட்டா நாறும். அதனால மழைக்காலத்துக் கறியை அடுப்புக்கு மேல உறியில கட்டிப் புகையில காயவெப்பாங்க, அதோட ருசியே தனி. அசல் உப்புக்கண்டம் மாசி, பங்குனி, சித்திரைச் சரக்கு. மழை தர்ற மேகத்தை மலை மறைச்சு நிக்கிற ஊர் நம்மளது. வருஷத்துக்கு சுமார் 850 மில்லிமீட்டர்தான் மழை, பங்குனியில காத்துல ஈரமே இருக்காது. குறை சொல்லிக்கிட்டே வாழற அந்த வெயில்தான் இங்க முக்கியமான மூலப்பொருள்.

இப்போ அந்த ஜெர்மன் கவிஞர். பேரு யுஸ்டினுஸ் கெர்னர். தொழில்ல டாக்டர், ஊர் வூர்ட்டம்பெர்க். அந்தப் பக்கம் சாசேஜ் தின்னு சனங்க சாகிறது அப்போ பெரிய தலைவலியா இருந்துச்சு. 1793ல வில்ட்பாட்ங்கிற ஊர்ல ஒரே பெரிய ரத்த சாசேஜைத் தின்ன 13 பேர் நோயில விழுந்து அதுல 6 பேர் செத்துப் போனாங்க. கெர்னர் ஒவ்வொரு கேஸா சேகரிச்சு 1817லருந்து எழுத ஆரம்பிச்சார். 1822ல வந்த அவரோட நூல்ல 155 நோயாளிகளைப் பத்தி விவரம் இருக்கு. கண்ணிமை தொங்கும், பார்வை ரெட்டையாத் தெரியும், விழுங்க முடியாது, கடைசியில மூச்சுத் தசை நின்னுடும். மனுஷன் அந்த விஷத்தை எடுத்துத் தானே கொஞ்சம் சாப்பிட்டும் பார்த்திருக்கார்! அவர் கண்டுபிடிச்சதுல முக்கியமானது, அந்த விஷம் காத்துப் படாத இடத்துலதான் உருவாகுதுங்கிறது. கிருமின்னு ஒண்ணு நோய் தரும்ங்கிறதே உறுதியாகாத காலத்துல இந்த அளவுக்குப் போனது பெரிய விஷயம்.

கிருமி சிக்கினது 1895 டிசம்பர்ல. பெல்ஜியத்துல எல்செல்ங்கிற ஊர்ல ஒரு சாவுக்கு வாசிச்ச பேண்டு குரூப்பு, வாசிச்சு முடிச்சிட்டு உப்புல ஊறின பன்னித்தொடையைச் சாப்பிட்டாங்க. மூணு பேர் செத்தாங்க. எமில் வான் எர்மெங்கெம்ங்கிற பேராசிரியர் அந்தக் கறியிலருந்தும் இறந்தவர் உடம்புலருந்தும் பாக்டீரியாவைப் பிரிச்சு எடுத்து, 1897ல விவரமா வெளியிட்டார். லத்தீன்ல 'போட்டுலஸ்'னா சாசேஜ். நோய்க்கு போட்டுலிசம்னு பேர் நிலைச்சது. அதே விஷத்தைத் துளியூண்டு எடுத்துத்தான் இன்னிக்கு முகச்சுருக்கத்துக்கு போடாக்ஸ்னு ஊசி போடறாங்க. சினிமாக்காரங்க முகத்துக்கும் சாசேஜுக்கும் உள்ள பூர்வீகத் தொடர்பு இதுதான்.

நம்ம கதைக்கு இதுல என்ன இருக்குன்னா, குடலுக்குள்ள அடைச்ச கறிக்குக் காத்து இல்லை. ஈரம் இருக்கு. அந்த பாக்டீரியாவுக்கு ரெண்டும் சொந்த வீடு மாதிரி. கொடியில தொங்கற மெல்லிசான கறித்துண்டுக்குச் சுத்திலும் காத்து, ஈரம் மணிக்கு மணி குறையுது. பாக்டீரியாவுக்குப் பயன்படற தண்ணி எவ்வளவு மிச்சமிருக்குன்னு சொல்ல உணவு விஞ்ஞானத்துல நீர்ச்செயல்பாடுன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. சுத்தத் தண்ணிக்கு 1. பச்சைக்கறிக்கு 0.99 கிட்ட. 0.93க்குக் கீழ போனா போட்டுலிசக் கிருமி வளராது. 0.85க்குக் கீழ போனா நோய் தர்ற எந்த பாக்டீரியாவும் வளராது, பூஞ்சை மட்டும் வரலாம். உப்பு தண்ணியைக் கட்டிப் போடுது, வெயில் மிச்சத்தை விரட்டுது. அப்பத்தாவோட 'டக்' சத்தம் 0.85க்கு ரொம்பக் கீழ.

சாசேஜ்காரனுக்கு அந்த வசதி இல்லை, அதனால அவனுக்கு இன்னொரு உப்பு தேவைப்பட்டுச்சு. வெடியுப்பு. பட்டாசு, வெடிமருந்துக்குப் போடறோமே அதுதான். அது சேர்த்தா கறி கெடாது, வெந்தாலும் இளஞ்சிவப்பா இருக்கும். 17, 18ம் நூற்றாண்டுகள்ல ஐரோப்பாவுக்கு வெடியுப்பு எங்கிருந்து போச்சு? பெரும்பகுதி நம்ம பாட்னாவுலருந்து, டச்சுக்காரன் கப்பல்லயும் ஆங்கிலேயக் கம்பெனி கப்பல்லயும். முக்கியமா பீரங்கிக்கு, கொஞ்சம் கசாப்புக்கடைக்கு. அந்த வெடியுப்பு கறிக்குள்ள நைட்ரைட்டா மாறித்தான் வேலை செய்யுதுன்னு 19ம் நூற்றாண்டுக் கடைசியில கண்டுபிடிச்சாங்க. 1925ல நேரடியா சோடியம் நைட்ரைட்டே போடலாம்னு அமெரிக்கா அனுமதிச்சது. இன்னிக்கு சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்ல இருக்கிற கோழி சாசேஜ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, 250ங்கிற எண் இருந்தா அது இந்தச் சோடியம் நைட்ரைட்தான். உப்புக்கண்டத்துல அது கிடையாது. அதனாலதான் அது கறுப்பா, அழகில்லாம இருக்கு.

நம்ம ஊருக்கு சாசேஜ் எப்படி வந்துச்சு? மேற்குக்கரையில போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொரிசோ, கோவாவுல வினிகரும் மிளகாயும் சேர்ந்து சிவப்பு மணி மாலை மாதிரி சந்தையில தொங்குது. இலங்கையில அதே போர்ச்சுகீசியரோட லிங்குவீசா 'லிங்குஸ்'னு ஆகி பறங்கியர் வீட்டுச் சமையல்ல நின்னுடுச்சு. மதுரைக்கு அவங்க இல்லை, ரயில்தான். 1870கள்ல தண்டவாளம் வந்த பிறகு ரயில்வே காலனியில ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறினாங்க. கிறிஸ்துமஸுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் வெடியுப்பும் போட்டு ஜாடியில ஊறவெக்கிற சால்ட் பீஃப் அவங்க சமையல். 1947க்கு அப்புறம் நிறையப் பேர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியான்னு போயிட்டாங்க. காலனிக்கு அங்கிட்டு இருந்த மதுரை அந்த ருசியை எடுத்துக்கவே இல்லை. இப்போ வந்திருக்கிற கோழி சாசேஜ் ரயில்ல வரலை, ஃப்ரிட்ஜ்ல வந்தது.

உப்பைப் பத்தி ஒண்ணு சொல்லாமப் போனா இந்தப் பதிவுக்கே உப்பில்லாமப் போயிடும். 1805ல சென்னை மாகாணத்துல கம்பெனி உப்பைத் தன்னோட ஏகபோகமா ஆக்கிக்கிச்சு. கடலோரத்துல விளையற உப்பை அரசு சொன்ன விலைக்குத்தான் வாங்கணும். உவர்மண்ணைக் கரைச்சுக் காய்ச்சி ஏழைங்க எடுத்துக்கிட்டிருந்த மண்ணுப்பையும் பின்னாடி தடுத்தாங்க. இதைப் படிக்கிறப்போ நாம சாதாரணமா குழம்புக்குப் போடற உப்பைத்தான் நினைக்கிறோம். கருவாடும் உப்புக்கண்டமும் போடற வீட்டுக்கு உப்புங்கிறது சுவைக்கு இல்லை, சேமிப்புக்கு. ஒரு கிலோ கறிக்கு ரெண்டு கைப்பிடி போகும். உப்பு விலை ஏறினா அந்தக் கறி நாய்க்குத்தான். 1930 ஏப்ரல் 13ம் தேதி திருச்சியிலருந்து ராஜாஜி தொண்டர்களோட நடந்து போயி 30ம் தேதி வேதாரண்யத்துல உப்பெடுத்தார். சுத்த சைவரான அவருக்கு உப்புக்கண்டம் போடற வீட்டோட கஷ்டம் ஞாபகத்துல இருந்திருக்குமான்னு எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. ஆனா உப்பு வரி 1947ல போனதுல அந்த வீட்டுக்கும் பங்கு இருக்கு.

சரி, சத்து விஷயத்துக்கு வருவோம். எங்க அப்பாவுக்கு மூணு வருஷமா ரத்தக்கொதிப்பு. டாக்டர் ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்புக்கண்டம் எல்லாத்துக்கும் தடா போட்டுட்டார். போன பங்குனியில அம்மா போன் பண்ணி, "ஏன்டா, அந்த மனுசன் உப்புக்கண்டம் இல்லாம சோத்தையே தள்ளி வெக்கிறாரு. கடையில கோழி சாசேஜ்னு விக்கிறான்ல, அது உப்புக் கம்மிதானாம், வாங்கிக் கொடுக்கவா?"ன்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டு ஐடியா போல. கேள்வி சரியான கேள்வி. அதனால உக்காந்து கணக்குப் போட்டேன்.

ஒரு கிலோ எலும்பில்லாத வெள்ளாட்டுக் கறியில முக்கால் கிலோ தண்ணி. புரதம் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல, கொழுப்பு 25 கிராமுக்குள்ள. அம்மா போடற உப்பு சுமார் 60 கிராம். காஞ்ச பிறகு அஞ்சுல ஒரு பங்கு ஈரம் மிச்சம்னு வெச்சா மொத்தம் 390 கிராம் கிட்ட வரும். அதாவது உப்புக்கண்டத்துல பாதிக்கு மேல புரதம், ஆறுல ஒரு பங்கு உப்பு. ஒரு ஆள் 25 கிராம் சாப்பிட்டா 13 கிராம் புரதம், கூடவே கிட்டத்தட்ட 4 கிராம் உப்பு. பிசறின ராத்திரி வடிச்ச தண்ணியில போனது போக இன்னும் கொஞ்சம் குறையும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மீதி மூணு வேளைக்கும் ஒரு கிராம்தான். டாக்டர் கோபப்பட்டதுல தப்பே இல்லை.

சாசேஜ்? பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பொதுவா 100 கிராமுக்கு 12லருந்து 15 கிராம் புரதம், அதுக்குச் சமமாவோ அதிகமாவோ கொழுப்பு, 2லருந்து 2.5 கிராம் உப்பு. எடைக்கு எடை பார்த்தா உப்பு கம்மிதான். பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னது அந்த வரைக்கும் சரி. ஆனா யாரும் 25 கிராம் சாசேஜ் சாப்பிடறதில்லை. ரெண்டு மூணு உள்ள போனாலே 100 கிராம் ஆச்சு. அதே 13 கிராம் புரதத்துக்கு உப்பு ரெண்டு கிராம் சொச்சம், கொழுப்பு 15 கிராமுக்கு மேல, கூட மாவு, சோயா, கோழித்தோல், நைட்ரைட். உப்புக்கண்டத்துக் கொழுப்பு ரெண்டு கிராம் கூட வராது. அப்பாவுக்கு கொலஸ்ட்ராலும் இருக்கு. ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் கொழுப்பு. எதைச் சொல்றது?

இன்னொண்ணும் இருக்கு. 2015 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பதப்படுத்தின இறைச்சி புற்றுநோய் தரும்னு முதல் பிரிவுல சேர்த்துச்சு. தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதுன்னு கணக்கு. புகையிலையும் அதே பிரிவுலதான் இருக்கு. உடனே ரெண்டும் சமம்னு அலற வேணாம், அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதின்னு சொல்லுது, ஆபத்து எவ்வளவு பெருசுன்னு இல்லை. நம்ம ஆளுங்க 'அது சாசேஜுக்குத்தான்'னு சந்தோசப்பட்டாங்க. அவங்க வரையறையைப் படிச்சா, உப்பிடறது, புளிக்கவெக்கிறது, புகைபோடறது எல்லாமே பதப்படுத்தல். உப்புக்கண்டமும் உள்ள வருது. ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாட்டு பேக்கன், ஹாம் வகையறாவை வெச்சு நடந்தது, வாஸ்தவம். ஆனா 'பாட்டன் சாப்பிட்டான், நல்லா இருந்தான்'ங்கிற வாட்ஸப் வாதம் எனக்கு ஒப்பலை. பாட்டன் வருஷத்துக்கு ரெண்டு கிலோவைப் பத்துப் பேரோட பங்கு போட்டுச் சாப்பிட்டான், அதுவும் காட்டுல வேர்வை சிந்தி. ஏசியில உக்காந்து கீபோர்டு தட்டற நான் ஆன்லைன்ல கிலோ கணக்குல ஆர்டர் பண்ணித் தின்னா அது பாட்டன் சாப்பாடு இல்லை.

சமையல்லயே நிறைய மாறும்ங்கிறதுதான் கணக்குல கிடைச்ச நல்ல சேதி. காயவெக்கிறப்போ உப்பைக் குறைக்க வேணாம்னு அம்மாகிட்ட சொன்னேன். முதல் நாள் ஈரம் முழுசா இருக்கிறப்போ காவல் காக்கறது அந்த உப்புதான். எடுக்கிறதுன்னா பின்னாடி எடுக்கலாம். எங்க வீட்டு இப்போதைய முறை: உப்புக்கண்டத்தை வெந்நியில அரைமணி நேரம் ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டி, மறுபடி ஒரு வெந்நி, அதையும் கொட்டு. கரைஞ்சு போற உப்பு கண்ணுக்குத் தெரியாது, தண்ணியை நாக்குல வெச்சா தெரியும். அப்புறம் அம்மியில வெச்சு நைச்சு நாராப் பிரிச்சிடணும். ஒரு ஆளுக்கு 10 கிராம் போதும், நார்நாராப் பிரிஞ்சா குழம்பு முழுக்கக் கறி மாதிரி தெரியும். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்புல இதைச் சேர்த்து, குழம்புக்குத் தனியா உப்பே போடக் கூடாது. முருங்கைக்காய் சீசன்ல அதுவும் சேரும். எண்ணெயில கருக வறுக்கிற உப்புக்கண்டம் வறுவல் ருசிதான், மறுக்கலை. ஆனா உப்பு அப்படியே உள்ள நிக்கும், அதிகச் சூட்டுல கருகின கறியில வேண்டாத ரசாயனமும் உண்டாகும். கொதியில வேகறது நல்லது.

சாசேஜையும் இப்படியே நடத்தலாம். தவாவுல கருக விடாம முதல்ல தண்ணியில கொதிக்கவிட்டு அந்தத் தண்ணியைக் கொட்டுங்க, உப்பும் கொழுப்பும் கொஞ்சம் அதோட போகும். நைட்ரைட் போட்ட கறியை அதிகச் சூட்டுல வறுத்தா நைட்ரோசமைன்னு ஒண்ணு உருவாகுது, புற்றுநோய்க்குக் காரணமாகிற வகை. வைட்டமின் சி அதைத் தடுக்கும்ங்கிறதால 1970கள் கடைசியில அமெரிக்காவுல பேக்கன்ல அதையும் சேர்க்கணும்னு விதி போட்டாங்க. அதை வெச்சு எலுமிச்சை பிழிஞ்சா எல்லாம் சரியாயிடும்னு யாராவது கிளம்பினா நம்பாதீங்க. குடமிளகாய், வெங்காயம், கோஸ் நிறைய அரிஞ்சு போட்டு, நாலு பேருக்கு ரெண்டு சாசேஜ்னு வட்டவட்டமா நறுக்கிப் போட்டா அது தொட்டுக்கற ருசியா நிக்கும், முழுச் சாப்பாடா ஆகாது.

அப்பா விஷயம் என்னாச்சுன்னா, டாக்டர்கிட்ட இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். ரெண்டு தண்ணி மாத்தி, 10 கிராம், மாசத்துக்கு ஒரு தடவை, அன்னிக்கு ஊறுகாயும் அப்பளமும் கிடையாதுன்னு பேசி ஒத்துக்கிட்டார். சாசேஜ் வேணாம்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க, டாக்டர் கொழுப்பைப் பார்த்து, அப்பா வாசனையைப் பார்த்து. இந்தப் பங்குனியில அம்மா போட்டது ஒரே ஒரு கிலோ. மொட்டை மாடியில காக்காய்க்குக் காவல், அப்பாவேதான்.